தலைச்சுற்றலும் கால்வலியும்: வேரைப் பார்க்க மறந்த கதை

போன வருசம் ஆவணி மாதம். எங்கள் பகுதிக்கு அப்போது மும்முனை மின்சாரம் இரவில்தான் வந்தது. பன்னிரண்டரை மணிக்கு மோட்டாரைப் போட்டுவிட்டு, மஞ்சள் காட்டில் மடை மாற்றப் போனேன். முப்பது வருசமாக நடந்த வரப்பு. கண்ணைக் கட்டி விட்டாலும் நடப்பேன் என்று பெருமை பேசிய வரப்பு. அன்றைக்கு டார்ச் லைட்டை மடைப் பக்கம் திருப்பிய நொடியில், காலுக்குக் கீழே வரப்பு இருக்கிறதா இல்லையா என்றே தெரியவில்லை. தலை ஒரு ஆட்டம் ஆடியது. மண்வெட்டியோடு வாய்க்காலுக்குள் விழுந்தேன்.

சத்தம் கேட்டு ஓடி வந்த என் மனைவி, "ஏனுங்க, என்னாச்சுங்க?" என்று தூக்கி உட்கார வைத்தார். "சேறு வழுக்கிருச்சு" என்றேன். அது பொய். எட்டு மாதமாகவே எனக்குத் தலை சுற்றிக்கொண்டுதான் இருந்தது. உட்கார்ந்து எழுந்தால் கண் இருட்டும். முழங்காலுக்குக் கீழே ஓயாத கடுப்பு. ராத்திரியானால் பாதம் இரண்டும் மிளகாய் அரைத்த கை மாதிரி எரியும்.

ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். "வாயுப்பிடிப்புங்க, பூண்டு சாப்பிடுங்க" என்றார் பக்கத்துக் காட்டுக்காரர். "வயசு அம்பத்தாறு ஆச்சல்லோ மாமா" என்றான் மைத்துனன். பெரியம்மா உப்பு மிளகாய் சுற்றிப் போட்டார். இவர்கள் எல்லோரையும் விடப் பெரிய காரணம் ஒன்றை நான் வைத்திருந்தேன். "இருபது வருசம் பூச்சிமருந்து அடிச்ச உடம்பு இது. இயற்கைக்கு மாறி ஏழு வருசம் ஆச்சு. பழைய நஞ்சு இப்பத்தான் வெளியேறுது" என்பேன். கேட்கிறவர்களும் தலையாட்டுவார்கள்.

உள்ளே இருந்த உண்மை வேறு. மாதம் நாலு பேராவது எங்கள் பண்ணையைப் பார்க்க வருகிறார்கள். நஞ்சில்லாத சோறு தின்றால் நோய் அண்டாது என்று அவர்களிடம் நான் பேசியிருக்கிறேன். அப்படிப் பேசியவன் ஆஸ்பத்திரி வரிசையில் நின்றால் ஊர் சிரிக்காதா? அந்த வெட்கம்தான் என்னை எட்டு மாதம் வீட்டிலேயே வைத்திருந்தது.

"செருப்பு கழண்டா தெரியுதுங்களா?"

விழுந்த மூன்றாம் நாள் மகள் வந்தாள். பேச்சே வைத்துக்கொள்ளவில்லை. அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப் போனாள். வரிசையில் இரண்டு மணி நேரம் நின்ற பிறகு ஒரு இளவயசு டாக்டரம்மா பார்த்தார்.

"எப்ப விழுந்தீங்க ஐயா? பகல்லயா, ராத்திரியிலயா?"

"மூணு தடவை விழுந்திருக்கேனுங்க. மூணும் ராத்திரி."

"நடக்கறப்ப செருப்பு கழண்டா தெரியுதுங்களா?"

அந்தக் கேள்வி என்னைத் தூக்கிப் போட்டது. ஏனென்றால் தெரிவதில்லை. வீட்டுக்கு வந்து குனிந்து பார்த்தால்தான் ஒரு கால் வெறுங்காலாக இருக்கும். அதை நான் யாரிடமும் சொன்னதில்லை, எனக்கே அது ஒரு குறியாகப் பட்டதில்லை.

இரண்டு காலையும் சேர்த்து நிற்கச் சொன்னார். நின்றேன். "இப்ப கண்ணை மூடுங்க" என்றார். மூடியதுதான் தெரியும், சாய்ந்துவிட்டேன். மகள் பிடித்துக்கொண்டாள். கண்ணைக் கட்டினாலும் நடப்பேன் என்ற ஆளின் நிலைமை இது.

டாக்டரம்மா விளக்கினார். மனிதன் நிமிர்ந்து நிற்க மூன்று பக்கமிருந்து சேதி போக வேண்டுமாம். கண் ஒன்று, உள்காது ஒன்று, பாதத்து நரம்பு ஒன்று. எனக்குப் பாதத்திலிருந்து சேதி போகவில்லை. பகலில் கண் அந்தக் குறையை மூடிக்கொண்டது. இருட்டில் கண்ணும் கைவிட்டதால் விழுந்தேன். நான் தலைச்சுற்றல் என்று நினைத்ததில் பாதி காலில் இருந்த கோளாறு.

பிறகு என் மாத்திரை அட்டையைக் கேட்டார். ஆறு வருசமாகச் சர்க்கரைக்கு மெட்பார்மின் சாப்பிடுகிறேன். சாப்பாடு பற்றிக் கேட்டார். இயற்கைக்கு மாறியபோதே கறி, மீன், முட்டை எல்லாவற்றையும் விட்டாயிற்று. நாட்டுமாட்டுப் பால் கன்றுக்கே என்று பாலையும் நிறுத்தி மூன்று வருசம். பெருமையாகத்தான் சொன்னேன். அவர் எழுதிக்கொண்டார். ரத்தப் பரிசோதனையில் வைட்டமின் பி12 அளவு 118 என்று வந்தது. 200க்குக் கீழே போனால் குறைவு என்று கணக்கு.

பி12 சத்து செடிகொடிகளில் கிடையாது. பால், முட்டை, மீன், கறியில்தான் உண்டு. நம் ஈரல் அதைச் சில வருசங்களுக்குச் சேமித்து வைக்கும். அதனால் நிறுத்தியவுடன் ஒன்றும் தெரியாது, நாலைந்து வருசம் கழித்துத்தான் கணக்குத் தீர்க்க வரும். மெட்பார்மினை நெடுநாள் சாப்பிடும் பலருக்கு இந்தச் சத்து குடலில் சேருவது குறைகிறது. வயிற்றெரிச்சலுக்கு வருசக்கணக்கில் ஒமிப்ரசோல் மாதிரி மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கும் அதே கதி. எனக்கு உணவிலும் வரவில்லை, மாத்திரையாலும் குறைந்தது. சுருள்பாசி, பழையசோறு இவற்றிலிருந்து கிடைத்துவிடும் என்கிறவர்கள் நம்மிலேயே உண்டு. பழையசோறு நல்ல உணவு, நானும் தினமும் குடிக்கிறேன். ஆனால் கெட்டுப்போன நரம்பை அதை நம்பி விடக் கூடாது. சுருள்பாசியில் இருப்பதில் பெரும்பகுதி நம் உடம்பு எடுத்துக்கொள்ள முடியாத போலி வடிவம்.

ஊசி போட்டார்கள். முதலில் ஒருநாள் விட்டு ஒருநாள், பிறகு வாரம் ஒன்று, இப்போது மாதம் ஒன்று. இரண்டு மாதத்தில் தலைச்சுற்றல் போய்விட்டது. பாத எரிச்சல் அடங்க அரை வருசம் ஆனது. வலது காலில் இரண்டு விரல் இன்னமும் மரத்தே கிடக்கிறது. "சீக்கிரமே வந்திருந்தா இதுவும் திரும்பியிருக்கலாம் ஐயா" என்றார் டாக்டரம்மா. அந்த இரண்டு விரல்தான் என் வெட்கத்துக்கு நான் கொடுத்த விலை.

இலை மஞ்சளானால் என்ன செய்கிறோம்?

நம்மிடம் பயிற்சிக்கு வருகிறவர்களுக்கு நாம் சொல்லித் தருவது என்ன? இலை மஞ்சளானால் உடனே ஒரு கரைசலை ஊற்றாதே, காரணம் பார். தண்ணீர் தேங்கி வேர் மூச்சு முட்டுதா, தழைச்சத்துக் குறையா, இரும்புச்சத்துக் குறையா, வேர்ப்புழுவா, நச்சுயிரி நோயா? மஞ்சள் ஒன்றுதான், காரணம் பத்து. அடி இலை மஞ்சளா, கொழுந்து மஞ்சளா, நரம்பு பச்சையா இருக்குதா என்று பார்த்துத்தானே முடிவெடுக்கிறோம்?

தலைச்சுற்றலும் கால்வலியும் அதே மாதிரிதான். அவை நோயின் பெயர் அல்ல, மஞ்சள் இலை. எனக்கு பி12 என்றால் உங்களுக்கும் அதுவே என்று இல்லை. உழவர்களாகிய நமக்கு இந்த இரண்டும் சேர்ந்து வரக்கூடிய காரணங்களை, குணமான பிறகு டாக்டர்களிடமும் சுகாதாரச் செவிலியரிடமும் கேட்டுக் கேட்டுத் தொகுத்தேன். அவற்றை இங்கே வைக்கிறேன். இதை வைத்து நீங்களே வைத்தியம் பார்த்துக்கொள்ள வேண்டாம். என்ன கேட்க வேண்டும், எதைச் சொல்ல வேண்டும் என்று தெரிந்துகொண்டு டாக்டரிடம் போங்கள்.

வெயிலும் உப்பும்

நம் தொழிலில் மிகச் சாதாரணமான காரணம் இது. சித்திரை வைகாசியில் காலை ஏழு மணிக்குக் காட்டில் இறங்கி ஒரு மணிக்கு ஏறினால், வேர்வையில் தண்ணீர் மட்டுமா போகிறது? உப்பும் போகிறது. எழும்போது கண் இருட்டுவதும், ஆடுசதை குரக்களி பிடித்து இழுப்பதும் அதனால்தான். வெறும் தண்ணீரை மட்டும் குடித்துக்கொண்டே இருந்தால் போன உப்பு திரும்பாது. உப்புப் போட்ட மோர், நீராகாரம், எலுமிச்சைச் சாற்றில் உப்பும் சர்க்கரையும் என்று குடிக்க வேண்டும். ஒரு லிட்டர் காய்ச்சி ஆறிய தண்ணீரில் தலைதட்டிய ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு என்பது எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டிய அளவு. ரத்தக்கொதிப்பு, சர்க்கரை உள்ளவர்கள் இதையும் டாக்டரிடம் கேட்டுக்கொண்டு குடிக்கட்டும்.

வெயிலில் வேலை செய்தவர் பேச்சுக் குழறினால், உடம்பு நெருப்பாய்க் கொதித்தால், அது சாதாரணக் களைப்பு இல்லை. நிழலுக்குத் தூக்கிப் போய், உடம்பை நனைத்து, விசிறிக்கொண்டே 108க்குக் கூப்பிட வேண்டும்.

பக்கத்துக் காட்டு மருந்து

நாம் அடிக்கவில்லை, சரி. பக்கத்துக் காட்டில் அடிக்கிறார்கள். நம் காட்டுக்குக் களையெடுக்க வருகிற அக்காமார் நேற்று வேறொரு காட்டில் மருந்தடித்த பயிருக்குள் நின்றிருப்பார்கள். பூச்சிக்கொல்லிகளில் குளோர்பைரிபாஸ், புரபனோபாஸ், மோனோகுரோட்டோபாஸ் வகையறாவுக்கு ஆர்கனோ பாஸ்பேட் என்று பெயர். நரம்பிலிருந்து தசைக்குச் சேதி போனதும் அந்தச் சேதியை அணைத்து வைக்க உடம்பில் ஒரு நொதி இருக்கிறது. இந்த மருந்துகள் அந்த நொதியைக் கட்டிப்போட்டுவிடும். சேதி அணையாமல் ஓடிக்கொண்டே இருக்கும். தலைவலி, தலைச்சுற்றல், கொட்டுகிற வேர்வை, வாயில் எச்சில் ஊறல், வாந்தி, கண்பாவை சுருங்கிப் பார்வை மங்கல், தசைத் துடிப்பு எல்லாம் அதனால்தான். வாயால் குடித்தால்தான் ஏறும் என்பதில்லை. தோல் வழியாகவும் மூச்சு வழியாகவும் ஏறும். வேர்த்த உடம்பில் இன்னும் வேகமாக ஏறும்.

2017ல் மகாராட்டிரத்தின் யவத்மால் மாவட்டத்தில் பருத்திக்கு மருந்தடித்த உழவர்களும் கூலித் தொழிலாளர்களுமாக 20 பேருக்கு மேல் இறந்தார்கள். நூற்றுக்கணக்கானோர் மருத்துவமனையில் கிடந்தார்கள். அவர்கள் குடித்துச் சாகவில்லை. தெளித்துச் செத்தார்கள்.

இதில் பலருக்கும் தெரியாத ஒன்று உண்டு. இந்த வகை மருந்துகளில் சில, கடுமையாக ஏறியவர்களுக்கு, உடம்பு தேறிவிட்டது என்று நினைக்கிற நேரத்தில் இரண்டு மூன்று வாரம் கழித்துக் கால் நரம்பைத் தாக்கும். முதலில் ஆடுசதையில் குரக்களி மாதிரி வலி, பிறகு பாதத்தில் மதமதப்பு, பிறகு பாதம் தொங்கி நடை தடுமாறும். அமெரிக்காவில் மதுவிலக்கு இருந்த 1930ஆம் ஆண்டில், இஞ்சிச் சாரம் என்று விற்ற ஒரு மதுவில் இதே குடும்பத்து ரசாயனம் ஒன்றைக் கலப்படம் செய்தார்கள். குடித்தவர்களில் பல்லாயிரம் பேருக்குக் கால் விளங்காமல் போனது. ஆகவே போன மாதம் மருந்தடித்து மயங்கியவருக்கு இந்த மாதம் கால் வலிக்கிறது என்றால் இரண்டையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். நாம் சொல்லாவிட்டால் டாக்டருக்கு எப்படித் தெரியும்?

மருந்து பட்டால் முதலில் துணியைக் கழற்றிவிட்டு, சோப்புப் போட்டு உடம்பையும் தலையையும் கழுவ வேண்டும். அந்தத் துணியை வீட்டுத் துணியோடு ஊறப் போடக் கூடாது. மருந்து டப்பாவையோ லேபிளையோ கையோடு ஆஸ்பத்திரிக்கு எடுத்துப் போக வேண்டும். டப்பாவில் உள்ள முக்கோணம் சிவப்பானால் கொடிய நஞ்சு. அடுத்தது மஞ்சள், அதற்குக் குறைந்தது நீலம், கடைசி பச்சை. பச்சை என்றாலும் நஞ்சு நஞ்சுதான். அந்த நொதியின் அளவைப் பார்க்க கோலினெஸ்டரேஸ் என்ற ரத்தப் பரிசோதனை இருக்கிறது.

பக்கத்துக் காட்டுக்காரர் அடிக்கும் நாளை முன்கூட்டியே கேட்டு வைத்து, அன்றைக்கு அந்த ஓரத்து வேலையை மாற்றிக்கொள்ளுங்கள். உயிர்வேலியை அடர்த்தியாக வையுங்கள். பகைத்துக்கொள்ளாமல் கேட்டால் சொல்லத்தான் செய்வார்கள்.

நம் கரைசலிலும் ஒரு கண்

இதைச் சொன்னால் சிலர் வருத்தப்படுவார்கள். ஆனாலும் சொல்ல வேண்டும். நாம் போடும் அக்னி அஸ்திரத்தில் புகையிலை சேர்க்கிறோம். புகையிலையில் இருக்கும் நிகோடின் தோல் வழியாக ஏறக்கூடிய நஞ்சு. ஈரமான புகையிலை இலையைக் கையாளும் தொழிலாளர்களுக்குத் தலைச்சுற்றல், குமட்டல், தலைவலி, கால் தள்ளாட்டம் எல்லாம் வருவது உலகமெங்கும் தெரிந்த ஒன்று. அதற்குப் பச்சைப் புகையிலை நோய் என்றே பெயர் வைத்திருக்கிறார்கள்.

போன கோடையில் எங்கள் பண்ணைக்குப் பயிற்சிக்கு வந்த தம்பி ஒருவர், வெறுங்கையால் கரைசலைப் பிழிந்து வடிகட்டிவிட்டு, காற்றுக்கு எதிராக நின்று இரண்டு டேங்க் அடித்தார். சாயங்காலம் மூன்று தடவை வாந்தி, எழுந்து நிற்க முடியவில்லை. "அண்ணா, இது இயற்கை மருந்துதானுங்களே?" என்று கேட்டார். இயற்கையில் கிடைப்பதெல்லாம் தீங்கில்லாதது என்று யார் சொன்னது? அரளியும் இயற்கைதான், ஊமத்தையும் இயற்கைதான். கையுறை, முகத்துக்குத் துணி, முழுக்கைச் சட்டை, காற்றோட்டம் பார்த்துத் தெளிப்பு, முடித்ததும் குளியல் என்ற ஒழுங்கு நமக்கும் வேண்டும். கர்ப்பிணிகளும் பிள்ளைகளும் அந்தக் கரைசலைத் தொடவே வேண்டாம்.

சேற்றில் வரும் காய்ச்சல்

காய்ச்சலோடு தலைவலி, கண் சிவப்பு, தொட்டாலே உயிர் போகிற மாதிரி ஆடுசதை வலி என்றால் எலிக்காய்ச்சலை நினைக்க வேண்டும். எலி, மாடு போன்றவற்றின் சிறுநீரில் வரும் கிருமி, தேங்கிய தண்ணீரிலும் சேற்றிலும் உயிரோடு இருந்து, காலில் உள்ள வெடிப்பு, சிராய்ப்பு வழியாக ஏறும். ஏறி ஒன்று இரண்டு வாரத்தில் காய்ச்சல் காட்டும். நாற்று நடுகிறவர்களும் வாய்க்கால் தூர்வாருகிறவர்களும் கட்டுத்தரை கழுவுகிறவர்களும்தான் அதிகம் மாட்டுவார்கள். ஆரம்பத்திலேயே போனால் சாதாரண மாத்திரையில் தீரும். விட்டால் மஞ்சள்காமாலை, சிறுநீரகம் செயலிழப்பு வரை போகும். "சேத்துல நின்னு வேலை செய்யறேனுங்க" என்ற ஒரு வரியை டாக்டரிடம் சொல்ல மறக்காதீர்கள். காலில் புண் இருக்கும்போது கட்டுப் போட்டுக்கொண்டோ ரப்பர் காலணி போட்டுக்கொண்டோ இறங்குங்கள்.

களையெடுக்கும் அக்காமாரின் ரத்தசோகை

தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு ரத்தசோகை என்று 2019–21ல் எடுத்த தேசியக் குடும்பநல ஆய்வு சொல்கிறது. நம் காட்டில் குனிந்து களையெடுக்கும் பத்துப் பேரில் ஐந்து பேர் என்று வைத்துக்கொள்ளுங்கள். நிமிரும்போது கண் இருட்டல், படி ஏறினால் மூச்சு வாங்கல், காலில் அசதி, நாக்கு வெளிறல் எல்லாம் அதன் அடையாளம். ஹீமோகுளோபின் பெண்ணுக்கு 12, ஆணுக்கு 13 இருக்க வேண்டும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் காசில்லாமலே பார்ப்பார்கள்.

காரணம் வெறும் சத்துக்குறை மட்டுமல்ல. மாதவிலக்கில் அதிகப் போக்கு இருக்கலாம். வெளிக்குப் போகும் இடத்து மண்ணில் வெறுங்காலோடு நடப்பதால் பாதம் வழியாக ஏறும் கொக்கிப்புழு, குடலில் ஒட்டிக்கொண்டு ரத்தம் குடிக்கலாம். முருங்கைக்கீரையும் கேழ்வரகும் நல்லவைதான். ஆனால் புழு குடித்துக்கொண்டிருக்கும்போது கீரை எவ்வளவு தின்றாலும் ஓட்டைப் பானையில் ஊற்றிய கதைதான். இரும்புச்சத்து மாத்திரை தந்தால் டீயோடு சாப்பிடாதீர்கள். நெல்லிக்காய், எலுமிச்சைச் சாற்றோடு சாப்பிட்டால் நன்றாகச் சேரும்.

ஆண்களுக்கு, அதுவும் ஐம்பது தாண்டியவர்களுக்கு ரத்தசோகை என்றால் ரத்தம் எங்கோ கசிகிறது என்று சந்தேகிக்க வேண்டும். இங்கேதான் ஒரு கண்ணி இருக்கிறது. கால்வலிக்கு மருந்துக்கடையில் டைக்குளோபினாக் மாதிரி மாத்திரையை நாமே வாங்கி மாதக்கணக்கில் போடுகிறோம். அது குடலில் புண்ணாக்கி, ரத்தம் கசிந்து, சோகை வந்து, தலை சுற்றும். கால்வலிக்குப் போட்ட மாத்திரையே தலைச்சுற்றலைக் கொண்டுவரும். மலம் தார் மாதிரி கறுப்பாகப் போனால் தாமதிக்காமல் சொல்லுங்கள். இரும்புச்சத்து மாத்திரையாலும் கறுக்கும், ஆகவே அதைச் சாப்பிடுவதையும் சேர்த்துச் சொல்லுங்கள். வேர்த்துக் காய்ந்த உடம்பில் இந்த வலிமாத்திரை சிறுநீரகத்தையும் கெடுக்கும்.

சர்க்கரை, கொதிப்பு, மாத்திரைக் கணக்கு

சர்க்கரை நோயே பாத நரம்பைக் கெடுத்து எரிச்சலும் மதமதப்பும் தரும். சில சர்க்கரை மாத்திரைகளைப் போட்டுக்கொண்டு சாப்பிடாமல் காட்டுக்குப் போனால், சர்க்கரை தாழ்ந்து கை நடுங்கி மயக்கம் வரும். கொதிப்பு மாத்திரை சாப்பிடுகிறவர், அதிலும் நீர் பிரியும் மாத்திரை உள்ளவர், கடும்வெயிலில் வேர்த்தால் ரத்த அழுத்தம் இறங்கித் தலை சுற்றும். இதற்காக மாத்திரையைத் தானாக நிறுத்தக் கூடாது. நானும் மெட்பார்மினை நிறுத்தவில்லை, கூடவே பி12 எடுத்துக்கொள்கிறேன். அளவை மாற்றுவது டாக்டர் வேலை. "மக்களைத் தேடி மருத்துவம்" திட்டத்தில் 2021 முதல் வீட்டுக்கே வந்து கொதிப்பு, சர்க்கரை பார்க்கிறார்கள். வரும்போது காட்டில் இருக்கிறேன் என்று தவிர்க்காதீர்கள்.

வலி எப்படி வருகிறது என்று பாருங்கள்

கொஞ்ச தூரம் நடந்தால் ஆடுசதை பிடித்து, நின்றால் விட்டு, மறுபடி அதே தூரத்தில் பிடித்தால் அது கால் ரத்தக்குழாய் அடைப்பாக இருக்கலாம். பீடி, சிகரெட் குடிப்பவர்கள் இதில் முதல் ஆள். நடந்தால் வலித்து, முன்னால் குனிந்தால் குறைந்தால் முதுகெலும்பில் நரம்பு நெருக்கப்படலாம். நாள் முழுக்க நின்று, சாயங்காலம் கால் வீங்கி, நாளங்கள் சுருண்டு புடைத்துத் தெரிந்தால் அது நாளப் புடைப்பு. ஒரு கால் மட்டும் திடீரென்று வீங்கி, சூடாகி வலித்தால் உள்ளே ரத்தம் கட்டியிருக்கலாம். அதைத் தேய்க்கவோ நீவவோ கூடாது, அன்றைக்கே ஆஸ்பத்திரி.

தலைச்சுற்றலிலும் வகை உண்டு. படுக்கையில் புரளும்போதோ அண்ணாந்து தேங்காய் பார்க்கும்போதோ வீடே சுழன்று ஒரு நிமிடத்துக்குள் நின்றால், அது உள்காதில் இருக்கும் நுண்துகள் இடம் மாறியதால் வருவது. டாக்டர் தலையைத் திருப்பித் திருப்பிப் படுக்க வைத்தே பெரும்பாலும் சரிசெய்துவிடுவார். எழுந்தால் மட்டும் கண் இருட்டினால் அது ரத்த அழுத்தம், தண்ணீர், சோகை பக்கம். இருட்டில் மட்டும் தள்ளாடினால் என்னை நினைத்துக்கொள்ளுங்கள்.

குடிதண்ணீரையும் பாருங்கள். தருமபுரி, கிருட்டிணகிரி, சேலம் பக்கம் ஆழ்துளைக் கிணற்று நீரில் புளோரைடு அதிகம் உள்ள ஊர்கள் உண்டு. அதற்காகவே ஒகேனக்கல் கூட்டுக்குடிநீர்த் திட்டம் வந்தது. லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டிய தண்ணீரை வருசக்கணக்கில் குடித்தால் பல் கறையாகும், மூட்டும் எலும்பும் வலித்து இறுகும். மண்ணைப் பரிசோதனைக்கு அனுப்புகிற நாம், குடிக்கிற தண்ணீரை அனுப்புகிறோமா?

பண்ணைக் குறிப்பேட்டில் இன்னொரு பக்கம்

ஜீவாமிர்தம் விட்ட தேதி, மழை மில்லிமீட்டர் எல்லாம் எழுதி வைக்கிறோம். அதே நோட்டில் உடம்புக்கும் ஒரு பக்கம் ஒதுக்குங்கள். இரண்டு வாரம் இதை எழுதி எடுத்துப் போனால் டாக்டருக்குப் பாதி வேலை மிச்சம்:

– தலை எப்போது சுற்றியது: எழும்போதா, புரளும்போதா, இருட்டிலா, வெயிலிலா? எவ்வளவு நேரம்?
– கால் எங்கே வலிக்கிறது: ஒரு காலா, இரண்டுமா? நடந்தாலா, படுத்தாலா? எரிச்சலா, குரக்களியா, மரப்பா?
– அன்றைக்கும் முந்தின மாதமும் எந்தத் தெளிப்புப் பக்கம் இருந்தீர்கள்? நம்முடையதா, பக்கத்துக் காட்டுடையதா?
– சேற்றில், தேங்கிய தண்ணீரில் நின்றீர்களா? காலில் புண் இருந்ததா? காய்ச்சல் உண்டா?
– என்னென்ன மாத்திரை, லேகியம், சூரணம், எத்தனை நாளாக? ஒன்றையும் மறைக்க வேண்டாம்.
– என்ன சாப்பிடுகிறீர்கள், எதை விட்டீர்கள், எந்தத் தண்ணீர் குடிக்கிறீர்கள்?

கூடவே ஹீமோகுளோபின், சர்க்கரை, ரத்த அழுத்தம் (படுத்து ஒரு தடவை, எழுந்து நின்று ஒரு தடவை), தைராய்டு, பி12 இவையெல்லாம் பார்க்க வேண்டுமா என்று கேளுங்கள். கேட்பதில் தப்பே இல்லை.

ஒரு பக்கக் கை கால் விளங்காமல் போவது, வாய் கோணுவது, பேச்சுக் குழறுவது, நெஞ்சுவலியோடு மயக்கம், மூச்சுத் திணறல், சிறுநீர் மலம் அடக்க முடியாமல் போவது, மருந்து தெளித்தபின் எச்சில் ஒழுகி வாந்தி வருவது இவற்றில் ஒன்று இருந்தாலும் நோட்டும் வேண்டாம், யோசனையும் வேண்டாம். 108க்குப் போன் போடுங்கள்.

கடைசியாக ஒன்று

நஞ்சில்லாமல் விளைவிப்பதை நான் விடவில்லை, விடவும் மாட்டேன். மண்ணும் தண்ணீரும் கூலி வேலை செய்கிறவர்களும் நஞ்சில்லாமல் இருக்க அதுதான் வழி. ஆனால் நம் பண்ணை நல்லா இருப்பதால் நம் உடம்புக்கு ஒன்றும் வராது என்ற உத்தரவாதம் கிடையாது. அப்படி ஒன்று இருப்பதாக வருகிறவர்களிடம் பேசியதுதான் என் தப்பு. நோய் வந்த இயற்கை உழவர் தோற்றவர் இல்லை. மறைத்து வைக்கிறவர்தான் கஷ்டப்படுவார்.

இப்போது இரவில் மடை மாற்றப் போனால் தலையில் கட்டும் விளக்கும் கையில் ஒரு கோலும் உண்டு. படுக்கும் முன் பாதத்தைத் திருப்பிப் பார்த்து, வெட்டு, முள் இருக்கிறதா என்று என் மனைவி பார்ப்பார், மரத்த விரலுக்கு முள் குத்தினது தெரியாதே. நாட்டுமாட்டுப் பாலில் கன்று குடித்தது போக அரை டம்ளர் எனக்கும் வருகிறது.

போன மாதம் பண்ணை பார்க்க வந்தவர்களில் ஒரு தம்பி, எல்லோரும் போன பிறகு மெதுவாகக் கேட்டார். "அண்ணா, எனக்கும் ஆறு மாசமா தலை சுத்துது, காலு எரியுதுங்க. இயற்கைக்கு மாறினா உடம்புல இருக்கற நஞ்சு வெளியேறும்கறாங்களே, அதுவாங்க?"

எட்டு மாதத்துக்கு முன்னால் என்றால் ஆமாம் என்றிருப்பேன். "எந்த ஊர் தம்பி நீங்க? உங்க ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்துல என்னைக்கு டாக்டர் இருப்பாருன்னு தெரியுமா?" என்று கேட்டேன். மரத்த என் இரண்டு விரலையும் காட்டினேன். அடுத்த நாளே போய்விட்டு வந்து போன் செய்தார்.